‘டாக்ஸ் ஃப்ரீ’ டீமேட் உண்டா? பங்கு வாங்க புரோக்கரைத் தேர்வு செய்யும் முன் ஒரகடம் ஊழியர்கள் போட வேண்டிய கணக்கு

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் ஐபிஓ வந்தது. 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா பார்த்த ஐபிஓக்களிலேயே பெரியது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு, பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடி. வெளியே 1,960 ரூபாய்க்குப் போன பங்கு, ஊழியர்களுக்கு 1,774 ரூபாய். விண்ணப்பிக்க டீமேட் கணக்கு கட்டாயம். பங்குச்சந்தை என்பது மும்பை சமாச்சாரம் என்று இருந்த பலருக்கு, அது தங்கள் கம்பெனி கேட்டுக்குள்ளேயே நுழைந்த நேரம் அது.

அந்த அக்டோபர் 22-ம் தேதி பங்கு பட்டியலானது. முதல் நாளே வெளியீட்டு விலையைவிட சுமார் 7 சதவீதம் இறங்கி முடிந்தது. தள்ளுபடியில் வாங்கியவர் அன்றைக்கும் நஷ்டப்படவில்லை. பொதுப் பிரிவில் 7 பங்கு கொண்ட ஒரு லாட்டை 13,720 ரூபாய் கொடுத்து வாங்கியவர் முதல் நாளே சில நூறு ரூபாய் இழப்பில் நின்றார்.

ஐபிஓ முடிந்தாலும் திறந்த டீமேட் கணக்கு மூடப்படுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என இந்தப் பகுதியில் முதல் சம்பளம் வாங்கும் இளைஞர்களைத் தேடி ஆப் விளம்பரமும், பரிந்துரை லிங்க்கும், போன் அழைப்பும் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் அடிக்கடி காதில் விழும் வாசகம்: “டாக்ஸ் ஃப்ரீ அக்கவுண்ட்ணா, ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.”

முதலில் இந்த ‘டாக்ஸ் ஃப்ரீ’ கதையை முடித்துவிடலாம்.

அப்படி ஒரு கணக்கே இங்கே இல்லை

தனித்தனிப் பங்குகளை நாமே தேர்ந்தெடுத்து வாங்கி, விற்று, லாபத்துக்கு ஒரு பைசா வரி கட்டாமல் எடுத்துக்கொள்ளும் கணக்கு இந்தியாவில் கிடையாது. கனடாவில் உண்டு: 2009-ல் தொடங்கிய டிஎஃப்எஸ்ஏ. பிரிட்டனில் 1999 முதல் ஐஎஸ்ஏ, ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். ஜப்பானில் நிசா, 2024-ல் பெரிதாக விரிவாக்கப்பட்டது. டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் “என் டிஎஃப்எஸ்ஏல இருக்கிற ஷேருக்கு டாக்ஸே இல்லை” என்று சொன்னால், அது அவருக்கு உண்மை. ஒரகடத்தில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

இந்தியா ஒருமுறை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. 2012-ல் ராஜீவ் காந்தி ஈக்விட்டி சேமிப்புத் திட்டம் வந்தது. முதல்முறை பங்கு வாங்குபவர், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருந்தால், 50,000 ரூபாய் வரை போடும் முதலீட்டில் பாதிக்கு வரிக் கழிவு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எந்தப் பங்கு வாங்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல், மூன்று ஆண்டு முடக்கம், அதற்குள்ளும் எப்போது விற்கலாம் என்பதற்குத் தனி விதி, டீமேட் கணக்கை அதற்கென்று குறிக்கத் தனிப் படிவம். முதல்முறை முதலீட்டாளருக்கு என்று சொல்லி, பட்டயக் கணக்காளர் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய திட்டத்தை நீட்டினால் யார் வருவார்கள்? 2017-ல் அது கைவிடப்பட்டது.

அப்படியானால் ‘டாக்ஸ் ஃப்ரீ’ என்று விற்பது எது? பெரும்பாலும் யூலிப் என்ற காப்பீட்டுத் திட்டம். ஆண்டு பிரீமியம் 2.5 லட்சத்துக்குள் இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் 5 ஆண்டு பணத்தைத் தொட முடியாது, பங்கை நீங்கள் தேர்வு செய்யவும் முடியாது. பிபிஎஃப் வட்டிக்கும் வரி இல்லை, ஆனால் அதில் பங்கே கிடையாது. மற்றபடி புரோக்கர் ஆள் சொல்லும் ‘டாக்ஸ் ஃப்ரீ டீமேட்’ என்பது சாதாரண டீமேட்தான். ஸ்டிக்கர் மட்டும் வேறு.

ஆனால் வரியில்லாத ஒரு ‘இடம்’ இருக்கிறது

பட்டியலிடப்பட்ட பங்கை வாங்கி 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன ஆதாயம். ஒரு நிதியாண்டில் இந்த ஆதாயம் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் போகும் தொகைக்கு மட்டும் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம், 20 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்குப் பிறகான விற்பனைகளுக்கு இந்த விகிதங்கள்.

1.25 லட்சம் என்பது விற்ற தொகை அல்ல, லாபம். 10 லட்சம் ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு வருடத்தில் 12 சதவீதம் ஏறினாலும் லாபம் 1.2 லட்சம்தான். மாதம் 3,000, 5,000 என்று போட ஆரம்பித்திருக்கும் ஒரு ஊழியர், பொறுமையாக இருந்தால், பல வருடங்களுக்கு நடைமுறையில் வரி கட்டாமலேயே இருக்கலாம். தனிக் கணக்கு தேவையில்லை, யாரும் வந்து திறந்து தரவும் தேவையில்லை. கணவன், மனைவி இருவரும் சொந்தச் சம்பாத்தியத்தில் தனித்தனியாக முதலீடு செய்தால் இருவருக்கும் தனித்தனி வரம்பு.

பலர் வழுக்கி விழும் இடம் வேறு. “12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு பட்ஜெட்லயே சொல்லிட்டாங்களே?” என்ற கேள்வி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குக் கிடைப்பது தள்ளுபடி. சம்பளத்துக்கு அது பொருந்தும். தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் பங்கு லாபத்துக்கு அது கிடையாது.

ஒரு கணக்கு. 2025-26 நிதியாண்டில் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 5 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 4.25 லட்சம். அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைச் சம்பளமே தாண்டிவிட்டது. சம்பளத்துக்குத் தள்ளுபடி மூலம் வரி பூஜ்யம். ஆனால் அவர் பங்கை எட்டு மாதத்தில் விற்று 30,000 ரூபாய் லாபம் பார்த்திருந்தால், 20 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 6,240 ரூபாய் கட்ட வேண்டும். அதே பங்கை இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்து அதே லாபத்துக்கு விற்றிருந்தால் வரி பூஜ்யம்.

அவரோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பயிற்சி ஊழியருக்கு ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கழிவு போனால் 2.85 லட்சம். அடிப்படை விலக்கில் இன்னும் 1.15 லட்சம் மிச்சம் இருக்கிறது. அவருடைய 30,000 ரூபாய் குறுகியகால லாபம் அதற்குள் அடங்கிவிடும், வரி இல்லை. ஒரே பஸ், ஒரே பங்கு, ஒரே லாபம், வரி வேறு. ஆகவே பக்கத்து சீட்காரரின் அனுபவத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது.

டிவிடெண்ட் வந்தால் அது சம்பளத்தோடு சேரும் சாதாரண வருமானம். அதைத் தனியாகப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இப்போது புரோக்கர் விஷயத்துக்கு வரலாம். மேலே சொன்ன 6,240 ரூபாய், ஒரு சிறு முதலீட்டாளர் பல வருடங்களில் கட்டப்போகும் மொத்த புரோக்கரேஜைவிட அதிகமாக இருக்கக்கூடும். எனவே இவருக்கு நல்ல புரோக்கர் என்பவர், அடிக்கடி விற்கத் தூண்டாத புரோக்கர். கட்டணம் அதற்கு அடுத்துதான்.

ஆப் திறந்ததும் எது கண்ணில் படுகிறது?

இது யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத விஷயம். கட்டண அட்டவணையை எல்லாரும் ஒப்பிடுகிறார்கள், முகப்புத் திரையை ஒப்பிடுவதில்லை.

சில ஆப்களில் திறந்ததும் நீங்கள் வைத்திருக்கும் பங்குகள் வரும். சிலவற்றில் ‘இன்று அதிகம் ஏறியவை’, ஆப்ஷன் செயின், “4 மடங்கு வாங்கலாம்” என்ற பட்டன். இந்தக் கடைசிப் பட்டன்தான் எம்டிஎஃப் எனப்படும் மார்ஜின் கடன். ‘பே லேட்டர்’ என்று இனிப்பாகப் பெயர் வைத்திருப்பார்கள். உண்மையில் அது கடன், தினமும் வட்டி ஓடும், பங்கு இறங்கினால் கூடுதல் பணம் கேட்பார்கள், கட்டாவிட்டால் விற்றுவிடுவார்கள். வாங்கும் திரையில் டெலிவரி, இன்ட்ராடே, எம்டிஎஃப் மூன்றும் பக்கத்து பக்கத்தில் இருக்கும். எது முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? செபியே வெளியிட்ட ஆய்வுகள் காரணம். 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டப்பட்டனர். 30 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் நஷ்டப்பட்டவர்கள் 76 சதவீதம். எஃப் அண்ட் ஓ பக்கம் இன்னும் மோசம்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் 93 சதவீத தனிநபர்கள் நஷ்டம், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். இது சந்தைக்கு எதிரான ஆட்கள் கொடுத்த கணக்கு அல்ல, சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பே கொடுத்தது.

புரோக்கருக்கு டெலிவரியில் பெரிய வருமானம் இல்லை. நீங்கள் வாங்கிப் போட்டுவிட்டு மூன்று வருடம் ஆப் பக்கமே வராவிட்டால் அவருக்கு என்ன லாபம்? அந்த ஆப் ஏன் உங்களை ட்ரேட் செய்யச் சொல்லி நாளுக்கு நாலு நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எனவே கணக்குத் திறக்கும்போது எஃப் அண்ட் ஓ பிரிவை இயக்க வேண்டாம் என்று சொல்லும் வசதி இருக்கிறதா, எம்டிஎஃப்-ஐ அணைத்து வைக்க முடிகிறதா, நோட்டிஃபிகேஷனை நிறுத்த முடிகிறதா? இதைப் பார்த்த பிறகுதான் 20 ரூபாயா 0 ரூபாயா என்ற கேள்வி.

வரிப் பக்கமும் ஒரு வினை இருக்கிறது. சம்பளமும் 1.25 லட்சத்துக்குள் நீண்டகால ஆதாயமும் மட்டும் என்றால், மற்ற தகுதிகளும் இருந்தால், எளிய ஐடிஆர்-1 படிவமே போதும். குறுகியகால லாபம் வந்தால் ஐடிஆர்-2. ஒரே ஒரு இன்ட்ராடே, ஒரே ஒரு ஆப்ஷன் செய்துவிட்டால் அது வணிக வருமானம், ஐடிஆர்-3. விளையாட்டாக 200 ரூபாய்க்கு ஒரு ட்ரேட் அடித்துவிட்டு, ஜூலையில் படிவம் நிரப்ப ஆடிட்டருக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பவர்கள் உண்டு.

இனி கட்டணம்

எந்த புரோக்கரிடம் வாங்கினாலும் மாறாதவை சில. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி, வாங்கும்போது 0.015 சதவீதம் முத்திரைத் தீர்வை, பைசா கணக்கில் எக்ஸ்சேஞ்ச் கட்டணம். 5,000 ரூபாய்க்கு வாங்கினால் எல்லாம் சேர்த்து சுமார் 6 ரூபாய். இதில் பேரம் கிடையாது.

மாறுவது புரோக்கரேஜ். ஜீரோதா போன்ற சிலர் டெலிவரிக்கு வாங்குவதில்லை. வேறு சில பெரிய ஆப்கள் முன்பு இலவசமாகத் தந்துவிட்டு 2024-ல் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தன. அந்த ஆண்டு அக்டோபர் முதல், எக்ஸ்சேஞ்ச் எல்லா புரோக்கர்களிடமும் ஒரே விகிதத்தில்தான் கட்டணம் வாங்க வேண்டும், வாடிக்கையாளரிடம் அதையே வசூலிக்க வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. அதுவரை பெரிய புரோக்கர்களுக்குக் கிடைத்துவந்த இடைவெளி வருமானம் நின்றது. ‘என்றைக்கும் இலவசம்’ என்று எந்த ஆப் சொன்னாலும் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இன்று இருக்கும் கட்டணத்தை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சிறிய தொகை போடுபவரைக் கடிப்பது சதவீதம் அல்ல, குறைந்தபட்சக் கட்டணம். மாதம் 5,000 ரூபாயை ஐந்து பங்குகளில் தலா 1,000 என்று பிரித்துப் போடுகிறீர்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் நிலையான கட்டணம் என்றால் 100 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 118. அதாவது 2.36 சதவீதம், வாங்கும்போதே. ‘0.1 சதவீதம், குறைந்தபட்சம் 5 ரூபாய்’ என்ற புரோக்கரிடம் இதே ஐந்து ஆர்டருக்கு 29.50 ரூபாய். இலவச டெலிவரி தருபவரிடம் பூஜ்யம். ஆனால் அதே 5,000-ஐ மாதம் ஒரே பங்கில், அடுத்த மாதம் வேறு பங்கில் என்று போட்டால், 20 ரூபாய் புரோக்கரிடமும் செலவு 23.60-க்கு இறங்கிவிடும். புரோக்கரை மாற்றாமல் பழக்கத்தை மாற்றியே மிச்சம் பிடிக்கலாம்.

விற்கும்போது டிபி சார்ஜ். ஒரு பங்கை ஒரு நாளில் விற்றால் எத்தனை எண்ணிக்கையாக இருந்தாலும் ஒருமுறை கட்டணம், சில ஆப்களில் ஜிஎஸ்டியோடு 15 ரூபாயை ஒட்டி. 500 ரூபாய்க்கு விற்றாலும் அதே 15, அதாவது 3 சதவீதம். மூன்று நாளில் துண்டு துண்டாக விற்றால் மூன்று முறை.

அடுத்தது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். இங்கேதான் பலர் தெரியாமல் பணம் விடுகிறார்கள். அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு, சுருக்கமாக பிஎஸ்டிஏ, என்று ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் கணக்கில் உள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்சம் வரை பராமரிப்புக் கட்டணம் இல்லை, 4 முதல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். நிபந்தனை: முதல் பெயர்தாரராக உங்களுக்கு நாடு முழுவதும் ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும். பரிந்துரை போனஸுக்காக மூன்று ஆப்பில் மூன்று கணக்கு திறந்தவருக்கு இந்தச் சலுகை போய்விட்டது. 100 ரூபாய் வவுச்சருக்கு ஆசைப்பட்டு ஆண்டுக்கு 300 ரூபாய் கட்டணத்தைத் தலையில் போட்டுக்கொள்வது நல்ல வியாபாரம் அல்ல. பயன்படுத்தாத கணக்கை மூடுவதே உத்தமம்.

சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே டீமேட்டும் தருகிறேன் என்று கம்பெனி வளாகத்தில் மேஜை போட்டு உட்காரும். ‘3-இன்-1’ கணக்கு. வசதி உண்டு: பணம் வங்கியிலேயே இருக்கும், வாங்கும்போதுதான் போகும். ஆனால் வங்கி சார்ந்த புரோக்கர்களின் டெலிவரி கட்டணம் டிஸ்கவுன்ட் புரோக்கர்களைவிடப் பொதுவாக அதிகம். மேஜைக்குப் பின்னால் இருப்பவரிடம் கேட்க ஒரே கேள்வி: “2,000 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கினா மொத்தம் எவ்வளவு பிடிப்பீங்க?” பதில் ரூபாயில் வர வேண்டும், சதவீதத்தில் அல்ல.

புரோக்கர் மூழ்கினால் பங்கும் மூழ்குமா?

2022-ல் ஆருத்ரா போன்ற நிறுவனங்களால் கையைச் சுட்டுக்கொண்ட மாநிலம் இது. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டீமேட்டில் இருக்கும் பங்கு புரோக்கரிடம் இல்லை. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில் உங்கள் பெயரில் இருக்கிறது. புரோக்கர் வாசல் மட்டுமே.

அந்த வாசலே திருடியதும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த கார்வி ஸ்டாக் புரோக்கிங், நாட்டின் பெரிய புரோக்கர்களில் ஒன்று. வாடிக்கையாளர்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி வங்கிகளிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பர் 22-ல் செபி இடைக்கால உத்தரவு போட்டது. பத்து நாளில், டிசம்பர் 2-ல், சுமார் 83,000 பேரின் பங்குகள் அவர்கள் கணக்குக்கே திருப்பி மாற்றப்பட்டன. 2023-ல் கார்விக்கும் அதன் தலைவருக்கும் 7 ஆண்டு தடை விதிக்கப்பட்டது.

அதன் பிறகு விதிகள் நிறையவே இறுகின. 2020 முதல் அடமானம் வைத்தாலும் பங்கு உங்கள் டீமேட்டிலேயே இருக்கும். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் டிடிபிஐ என்ற வரையறுக்கப்பட்ட அனுமதி வந்தது, அதுவும் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு விற்பனைக்கும் டிபின் எண்ணும் ஓடிபியும் போட வேண்டும். வருடத்தில் ஓரிரு முறை விற்பவருக்கு அது ஒரு தொல்லையே அல்ல. 2025 முதல் வாங்கிய பங்கு புரோக்கர் கணக்கைத் தொடாமல் நேராக உங்கள் டீமேட்டுக்கு வருகிறது.

பாதுகாப்பில் இன்னும் ஓட்டை இருப்பது பணத்தில். ஆப் வாலட்டில் சும்மா கிடக்கும் பணம் புரோக்கரிடம்தான் இருக்கிறது. மாதமோ காலாண்டோ ஒருமுறை அதை வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி, பெரிய புரோக்கர்கள் யுபிஐ பிளாக் அல்லது 3-இன்-1 வசதிகளில் ஒன்றைத் தர வேண்டும் என்பதும் விதி. வாங்கும் அன்று மட்டும் பணம் போடுவது அதைவிடச் சுலபமான பாதுகாப்பு.

ஏ ஷிப்டில் இருப்பவர் எப்படி வாங்குவது?

சந்தை நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30. ஏ ஷிப்டில் லைனில் நிற்பவருக்கு அந்த நேரம் முழுக்க வேலை நேரம். போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய ஆலைகளில் கேட்கவே வேண்டாம். இதை ஒரு குறை என்று நினைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க விலையைப் பார்க்க முடியாதது சிறு முதலீட்டாளருக்கு ஒருவகையில் நல்லதே.

தேவைப்படும் வசதி இரண்டு. ஒன்று, ஏஎம்ஓ: இரவில் ஆர்டர் போட்டால் மறுநாள் சந்தை திறக்கும்போது போகும். விலை வரம்பு குறித்துப் போடுவது முக்கியம், ‘மார்க்கெட்’ என்று விட்டால் திறக்கும் நேரத் தாவலில் மாட்டலாம். இரண்டு, ஜிடிடி: இந்த விலைக்கு வந்தால் வாங்கு என்று மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது. இவை இரண்டும் சரியாக இருக்கிறதா என்பதை ஒரகடத்து ஊழியர், அழகான சார்ட்டுகளுக்கு முன்னால் பார்க்க வேண்டும். தமிழில் பேசும் உதவி எண் இருக்கிறதா என்பதையும். கணக்குத் திறக்கும் முன்பே ஒருமுறை அழைத்துப் பார்த்தால் எத்தனை நிமிடம் பாட்டு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இடையில் சொல்லிவிடலாம். ஹூண்டாய், ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ் எல்லாம் பட்டியலிட்ட நிறுவனங்கள். தெரிந்த கம்பெனி என்று அதையே வாங்கக் கை போகும். சம்பளமும் அங்கிருந்து, சேமிப்பும் அங்கேயே என்றால், வாகன விற்பனை சரியும் வருடத்தில் ஓடியும் குறையும், பங்கும் குறையும்.

மார்ச் மாத வேலை

1.25 லட்சம் வரம்பு அந்தந்த நிதியாண்டோடு முடிந்துவிடும், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் லாபம் பெரிதாகச் சேர்ந்தவர்கள் மார்ச்சில் கொஞ்சம் விற்று லாபத்தைக் கணக்கில் காட்டிவிட்டு மீண்டும் வாங்குவார்கள். சட்டப்படி சரி. ஆனால் ஒரே கணக்கில் ஒரே நாளில் விற்று வாங்கினால் அது இன்ட்ராடேயாகக் கழிந்துவிடும், நோக்கமே வீண். இன்று விற்று அடுத்த சந்தை நாளில் வாங்க வேண்டும். மீண்டும் வாங்கிய தேதியிலிருந்து 12 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 2 லட்சத்துக்கு விற்று வாங்கினால் எஸ்டிடி மட்டும் 400 ரூபாய். மொத்த லாபமே 40,000 என்று இருப்பவருக்கு இந்த வேலை இப்போது தேவையே இல்லை.

இந்த இடத்தில் புரோக்கரின் வரி அறிக்கை கை கொடுக்க வேண்டும். நீண்டகாலம், குறுகியகாலம் பிரித்து, எந்தத் தேதியில் வாங்கியது எப்போது விற்றது என்று காட்டும் அறிக்கையை இலவசமாகத் தருகிறாரா? வேறு புரோக்கரிடமிருந்து மாற்றிய பங்குக்கு வாங்கிய விலையைப் பதிவு செய்ய முடிகிறதா? மாற்றிக்கொண்டு வந்த பங்கின் விலை பதியாவிட்டால், அறிக்கையில் லாபம் தப்பாக வரும்.

புரோக்கரை மாற்றுவது பலரும் நினைப்பதுபோல் கடினம் இல்லை. அதே பெயர்களில் உள்ள வேறு டீமேட் கணக்குக்கு எல்லாப் பங்குகளையும் மாற்றிவிட்டுப் பழைய கணக்கை மூடுவதாக இருந்தால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. இது விற்பனை அல்ல, வரியும் இல்லை, 12 மாதக் கணக்கும் அறுபடாது.

கடைசியாக ஆள் சரிபார்ப்பு. புரோக்கரின் பதிவு எண்ணை செபி தளத்தில் தேடிப் பாருங்கள். ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட முகவராகவே இருந்தாலும் தன் சொந்தக் கணக்கில் உங்கள் பணத்தை வாங்க அவருக்கு உரிமை இல்லை. 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற புரோக்கர்களுக்குத் தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது, அதில் ‘வேலிட்’ என்ற சொல் இருக்கும், பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் அடையாளம் தெரியும். டெலிகிராம் குழுவில் ‘இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட்’ என்று சொல்லி, ஆப் ஸ்டோரில் இல்லாத ஆப்பை லிங்க்கில் இறக்கச் சொன்னால் அது புரோக்கரே அல்ல. பணம் போய்விட்டால் காத்திருக்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். பதிவு பெற்ற புரோக்கரோடு தகராறு என்றால் முதலில் அவரிடமே எழுத்தில் புகார், தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளம், அதற்கும் பிறகு ஆன்லைன் சமரச மேடை. டெபாசிட்டரியிலிருந்து வரும் கணக்கு அறிக்கை மெயிலில் ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். ஆப் காட்டும் எண்ணிக்கையும் அதில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று ஓய்வு நாளில் ஒருமுறை பார்க்க ஐந்து நிமிடம் போதும்.